மின்சாரம் இல்லாத காலத்தில் ஒளி விதானிப்பு

நாடகமும் அரங்கியலும் பாடத்திட்டத்தில் ஒளி விதானிப்பு ஓர் அலகு. 1991 இல் நான் உயர்தர வகுப்பில் அந்தப் பாடத்தை எடுத்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோய் ஏறக்குறைய ஒரு வருடமாகியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஒன்றைப் போட்டு எரிப்போம். அந்தச் சுடரைச் சுற்றிக் குனிந்திருந்துதான் ஸ்பொட் லைற், டிம்மர், நிறத் தாள் என்று கொப்பியில் எழுதினோம். எழுதியவற்றில் ஒன்றைக்கூட எங்களில் பலர் கண்ணால் கண்டதில்லை.

எங்கள் நாடக ரீச்சர் அந்த அலகைத் தாண்டிப் போகவில்லை. வகுப்பறை யன்னல்களைச் சாக்கால் மறைத்தார். கூரை ஓடு விலகியிருந்த இடத்தால் வெயில் உள்ளே விழுந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒருத்தியிடம் கொடுத்து, அந்த வெயிலைப் பிடித்து மற்றவளின் முகத்தில் விழுத்தச் சொன்னார். கீழேயிருந்து விழுந்தபோது முகம் அச்சமூட்டியது. பக்கத்திலிருந்து விழுந்தபோது பாதி முகம் மறைந்து, அவள் எதையோ ஒளிக்கிறாள் என்று தோன்றியது. முதுகுப் பக்கத்திலிருந்து விழுந்தபோது ஆள் போய் உருவம் மட்டும் நின்றது. பிறகு ரீச்சர் தன் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். அதுவரை நாங்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சிநேகிதி சட்டென்று வேறொருத்தி ஆனாள். ஒளியைப் பற்றி நான் பின்னர் வாசித்த எந்தப் புத்தகமும் அந்த ஒரு காலைப்பொழுது சொல்லித்தந்த அளவுக்குச் சொல்லித்தரவில்லை.

இன்று அதே பாடத்தை நான் கற்பிக்கிறேன். எங்கள் பாடசாலை மண்டபத்தில் எல்.ஈ.டி. விளக்குகள் வரிசையாகத் தொங்குகின்றன. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் அனுப்பிய பணத்தில் வாங்கியவை. அவற்றை இயக்கும் பலகை, பரிசளிப்பு விழாவுக்கு வெளியாள் ஒருவர் வரும்வரை அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். என் மாணவிகள் ஒளி விதானிப்பு வரைபடத்தை அடிமட்டம் வைத்துப் பிசகில்லாமல் கீறுகிறார்கள். நல்ல புள்ளியும் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு விளக்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தவள் அவர்களில் ஒருத்தியும் இல்லை. ஒன்றுமில்லாத காலத்தில் நாங்கள் தொட்டுப் படித்தோம். எல்லாம் இருக்கிற காலத்தில் அவர்கள் தொடாமல் படிக்கிறார்கள். இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் இந்தப் பாடம் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை நான் என் உடம்பால் அறிந்தவள்.

நாடகம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்தார். "கூத்தாடவோ உன்னை இவ்வளவு நாளும் படிப்பிச்சது?" என்று கேட்டார். கலைப் பிரிவு என்பதே அவருக்கு மனக்குறை. உயர்தரம் என்றால் டொக்ரர் அல்லது எஞ்சினியர்; தவறினால் வர்த்தகம்; அதுவும் தவறினால்தான் கலை. அந்தக் கலைக்குள்ளும் தமிழ், புவியியல், பொருளியல் என்று ஊர் மதிக்கும் பாடங்கள் இருக்க, குமர்ப்பிள்ளை ஒருத்தி மேடையில் ஏறுவதைப் பாடமாக எடுப்பதா?

அம்மம்மாதான் இடையில் வந்தார். காங்கேசன்துறைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். வி. வி. வைரமுத்துவின் வசந்தகான நாடக சபா எந்தக் கோயில் வீதியில் அரிச்சந்திர மயான காண்டம் போட்டாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய், விடியும்வரை இருந்து பார்த்தவர். "வைரமுத்து சுடலையிலை நிண்டு பாடினால் அழாத சனமில்லை. அதைப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறாங்களெண்டால் பிள்ளை படிக்கட்டும்" என்றார். வைரமுத்து 1989 இல் காலமானார். அடுத்த வருடம் மீண்டும் போர் மூண்டது. காங்கேசன்துறையும் மாவிட்டபுரமும் சுற்றியிருந்த ஊர்களும் சனமில்லாமற் போயின. நாங்களும் நகரத்துக்கு அருகில் ஓர் உறவினர் வீட்டில் வந்து தங்கியிருந்தோம். அம்மம்மா பாய் விரித்த கோயில் வீதிகள் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தன. ஊரில் அவருக்கென்று மிஞ்சியது அந்த இரவுகளின் நினைவு ஒன்றுதான். அது ஒரு பள்ளிக்கூடப் பாடத்துக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் கொப்பியை வாங்கி, எழுத்துக்கூட்டி, இசை நாடகம் பற்றிய பக்கங்களைத் தேடி வாசிப்பார். சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைக் கண்டதும், தனக்குத் தெரிந்த ஆள் ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சியோடு தலையாட்டுவார்.

முதல் சில கிழமைகள் ரீச்சர் எங்களைக் கதிரையில் இருக்கவே விடவில்லை. அவர் நாடக அரங்கக் கல்லூரியின் களப்பயிற்சிகளில் பழகியவர். 1978 இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய கல்லூரி அது. அங்கே பழகிய பலர் பின்னர் பாடசாலைகளில் நாடகம் கற்பித்தார்கள். அரங்க விளையாட்டுகள் என்று ரீச்சர் சொன்னபோது ஏதோ சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தோம். வெறுங்காலோடு மண்டபத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். பிறகு தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கச் சொன்னார். குடம் கிடையாது, ஆனால் தண்ணீர் தளும்பக் கூடாது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, சிநேகிதி ஒருத்தியின் குரலை மட்டும் நம்பி நடக்கச் சொன்னார். குரல் பயிற்சிதான் எனக்குக் கடினமாக இருந்தது. வயிற்றிலிருந்து மூச்செடுத்து, மண்டபத்தின் கடைசி வாங்கில் இருப்பவளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கத்தவும் கூடாது, அவளுக்குக் கேட்காமல் போகவும் கூடாது.

அந்த வயதுவரை எல்லோரும் எங்களைச் சத்தம் போடாதே, காலை நீட்டாதே, பல்லுத் தெரியச் சிரிக்காதே என்று சொல்லியே வளர்த்தார்கள். பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, இன்னும் சத்தமாக, இன்னும் கையை விரித்து, காலை நிலத்தில் ஊன்றி நில் என்று சொன்னது அந்தப் பாடத்தில்தான் முதன்முறை. வேறு எந்தப் பாடமும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தமிழ்ப் பாடம் என்னை எழுதச் சொன்னது, புவியியல் பாடம் படம் கீறச் சொன்னது. நாடகம் மட்டும்தான் நான் நிற்கும் விதத்தைப் பார்த்தது.

பெண்கள் பாடசாலை என்பதால் அரசனும் நாங்களே, தூதனும் நாங்களே, யமனும் நாங்களே. எனக்கு இராவணன் வாய்த்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு, விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதை நாங்கள் பாடமாகப் படித்திருந்தோம். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்று வரிசையும் தெரியும். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு என்பதும், அவரே பின்னர் மட்டக்களப்புக் கூத்தை ஆராய்ந்து பேராசிரியரானார் என்பதும் தெரியும். ஆனால் இராவணன் எப்படி வரவெடுப்பான் என்பது தெரியாது. ரீச்சர் அதற்கு வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரை அழைத்துவந்தார்.

அவர் மத்தளத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். வெற்றிலைப் பையை யன்னலில் வைத்துவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டி, முதலில் ஒன்றுமே சொல்லாமல் ஆடிக் காட்டினார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். மண்டபத்தின் பலகை அதிர்ந்தது. நாங்கள் வழக்கப்படி கொப்பியைத் திறந்து தாளக்கட்டை எழுத ஆரம்பித்தோம். "கொப்பியிலை எழுதாதேங்கோ பிள்ளையள், காலிலை எழுதுங்கோ" என்றார். அன்று பின்னேரம்வரை ஒரே தாளக்கட்டுத்தான். அடுத்த நாள் படியேற முடியாமல் கால் நொந்தது. ஆனால் அந்தத் தாளக்கட்டு இப்போதும் என் காலில் இருக்கிறது. எழுதி வைத்த குறிப்புகள் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன.

வேட உடைக்கும் ஒப்பனைக்கும் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பு வேண்டும். பிரம்புக்கு எங்கே போவது? பனை ஈர்க்கையும் சாக்கையும் கொண்டு சட்டம் கட்டி, பழைய சேலையை மேலே தைத்தோம். முடிக்குத் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள். பொருளாதாரத் தடையில் சவர்க்காரமே தட்டுப்பாடு. ஒப்பனைச் சாமானை யார் கொண்டுவருவார்கள்? அரிசிமாவையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துப் பூசினோம், மஞ்சளும் குங்குமமும் சேர்த்தோம், மீசைக்குச் சிரட்டைக்கரி. அண்ணாவியார் எங்கள் முடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாங்களும் சிறுவயதில் இப்படித்தான் கட்டினோம் என்றார். எங்களுக்கு அது எந்தப் பரிசைவிடவும் பெரிதாக இருந்தது.

ஆட்டம் பகலில்தான் நடந்தது. இரவில் வெளிச்சமில்லை, ஷெல் எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது. கிரேக்கர்களும் பகலில்தான் ஆடினார்கள், எப்பிடவுரஸ் அரங்கின் மலைச்சரிவில் சுமார் 14,000 பேர் இருந்து பார்க்கக் கூடியதாக இருந்தது என்று ரீச்சர் சொல்லித்தந்தபோது அது எங்களுக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை. எடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வரும் இடத்தை நாங்கள் முற்றத்து மாமரத்தடியில், மத்தியான வெயிலில் நடித்துப் பார்த்தோம். பகலில் ஆடும்போது நடிப்பவளுக்குப் பார்ப்பவர்களின் முகம் முழுவதும் தெரியும். எந்தத் தாய் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், எந்தப் பிள்ளை கொட்டாவி விடுகிறது எல்லாம் தெரியும். அவர்கள் உன்னைப் பார்க்கிறார்கள், நீயும் அவர்களைப் பார்க்கிறாய். இருட்டு மண்டபத்தில் நடிக்கப் பழகியவர்களுக்கு அந்த அனுபவம் வாய்ப்பதில்லை. கூத்தின் வட்டக்களரியிலும் அதுதான் உயிர். பொம்பர் இரைச்சல் கேட்டால் எல்லோரும் மைதானத்துப் பங்கருக்குள் இறங்குவோம். எடிப்பஸ் ஈயத்தாள் முடியோடு இறங்குவான். விட்ட இடத்திலிருந்து வசனத்தை உள்ளே இருந்தே சொல்லிப் பார்ப்போம். பயத்தை அடக்க அதைவிட நல்ல வழி எங்களிடம் இருக்கவில்லை.

படங்கள் இல்லாமல் உலக அரங்கைப் படித்தோம். ஜப்பானிய நோ நாடகத்தை ரீச்சரும் நேரில் கண்டவரல்லர். ஆனால் புத்தகத்தில் வாசித்ததை வைத்து, பாடசாலையின் நீண்ட விறாந்தையை அந்த மேடைக்கு வரும் பாலமாக்கினார். பாலத்தின் ஓரமாக மூன்று பைன் மரங்கள் நிற்க வேண்டும். மூன்று குரோட்டன் சாடிகளை இடைவெளிவிட்டு வைத்தோம். பாதத்தை நிலத்தைவிட்டு எடுக்காமல் வழுக்கி வழுக்கி நடக்க வேண்டும். அந்த விறாந்தையைக் கடக்க எனக்கு ஒரு பாடவேளையில் பாதி போயிற்று. அந்த நடையில் எவ்வளவு துயரத்தை வைக்கலாம் என்பது கடந்து முடிந்தபோது தெரிந்தது. இப்போது என் மாணவி ஒருத்தி யூரியூப்பில் அசலான நோ நாடகத்தையே எனக்குக் காட்டுகிறாள். எங்கள் நடை எவ்வளவு பிழை, எவ்வளவு சரி என்பதை முப்பது வருடங்களுக்குப் பிறகு பார்க்கக் கிடைத்தது பெரும் பேறு. அவளுக்கு இது பதினேழு வயதிலேயே கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவள் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறாள். நான் கைபேசியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவளை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்சனின் பொம்மை வீடு 1879 இல் எழுதப்பட்டது. வீட்டைவிட்டு நோரா வெளியேறி, கதவு சாத்தப்படும் சத்தத்தோடு அது முடிகிறது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் அதைப் பற்றி நடந்த விவாதத்தை எழுதி வைக்காமல் விட்டோமே என்று இப்போதும் நினைப்பேன். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள் என்ன தாய் என்று ஒரு பக்கம். பொம்மையாக இருந்து வளர்க்கும் பிள்ளையும் பொம்மையாகத்தானே வரும் என்று மறுபக்கம். எங்களுக்கு அது நோர்வே நாட்டுக் கதை அல்ல. அந்த இரண்டு வருடங்களில் எங்கள் வகுப்பிலேயே கதவுகள் சாத்தப்பட்டன. ஒருத்தி இயக்கத்துக்குப் போனாள். ஒருத்தி கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் போனாள். ஒருத்திக்கு அவசரமாகக் கலியாணம் நடந்தது. ஒவ்வொருத்தி போகும்போதும் பாத்திரங்களை மறுபடி பங்கிட்டோம். தூதனாக நின்றவள் அரசியானாள், பின்பாட்டுக்காரி தூதனானாள். கடைசியில் எல்லோருக்கும் எல்லோருடைய வசனமும் பாடமாயிற்று. பாத்திரப் பங்கீடு என்று வினாத்தாளில் காணும்போதெல்லாம் எனக்கு அந்த முகங்கள்தான் வரிசையாக வரும்.

சண்முகலிங்கம் 1985 இல் எழுதிய மண் சுமந்த மேனியரை, கையால் பார்த்தெழுதிய கொப்பி ஒன்றிலிருந்து வாசித்தோம். க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் அதைப் பார்த்த ரீச்சர், ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நின்றார்கள் என்பதைச் சோக்கால் நிலத்தில் கீறிக் காட்டினார். எங்கள் வாழ்க்கையே நாடகமாக முடியும் என்பது அந்தச் சோக்குக் கோடுகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதற்கு முன்னர் நாடகம் என்றால் அரசர்களுக்கு நடப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் நடந்த அந்த நாட்களில் நாங்கள் சிங்கள நாடகத்தையும் படித்தோம். எதிரிவீர சரச்சந்திரவின் மனமே 1956 இல் மேடையேறியது. சிங்களத்தில் நாடகம என்று சொல்லும் கிராமிய வடிவத்தின் வேர் எங்கள் கரையோரக் கத்தோலிக்கக் கூத்தில் இருக்கிறது; அந்த வடிவத்தைச் சரச்சந்திர எடுத்துப் புதுக்கினார்; அவர் அப்படிச் செய்ததைப் பேராதனையில் பக்கத்திலிருந்து பார்த்த வித்தியானந்தன் தமிழ்க் கூத்தைப் புதுக்கினார். தமிழிலிருந்து போனது சிங்களத்துக்கு ஊக்கமாகி, அந்த ஊக்கம் தமிழுக்குத் திரும்பி வந்தது. தலைக்கு மேல் பொம்பர் பறக்கும்போது ரீச்சர் இதைக் குரல் தாழாமல் சொல்லித்தந்தார். எங்களில் ஒருத்தி எழும்பி, இதை நாங்கள் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டாள். "உண்மையாய் இருக்கிறபடியால்" என்றார் ரீச்சர். போர் முடிந்து பாதை திறந்த பிறகு மனமேயை மேடையில் பார்க்க எனக்கு வாய்த்தது. சொற்கள் பாதியும் விளங்கவில்லை. ஆனால் பாத்திரம் வரவெடுத்ததும், பாடகர் குழு பின்னால் எடுத்துக் கொடுத்ததும் என் கால் தானாகத் தாளம் பிடித்தது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது இந்தப் பாடத்துக்கு ஊரில் மதிப்பு ஏறியிருக்கிறது. கீழ் வகுப்புகளில் அழகியற் பாடமாகவே நாடகத்தை எடுக்கலாம். சாதாரண தரத்திலும் இருக்கிறது. உயர்தரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. சேக்சுபியரைப் பற்றி மதங்க சூளாமணி எழுதிய விபுலானந்தரின் பெயரில் அப்படி ஒரு நிறுவகம் இருப்பது எவ்வளவு பொருத்தம்! கூத்தாடவோ போகிறாய் என்று இன்று எந்தத் தாயும் கேட்பதில்லை. "ரீச்சர், இந்தப் பாடத்திலை ஏ எடுக்கலாமாம், உண்மையே?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் குற்றமில்லை. எங்கள் காலத்தில் உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள், இப்போது மூன்று. பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி வந்த பிறகு ஒவ்வொரு பாடமும் பிள்ளையின் தலைவிதியில் மூன்றில் ஒரு பங்கு. வசதியில்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் வாசல். அவள் புள்ளியைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பாள்? ஆனால் புள்ளிக்காகப் படிக்கும்போது நாடகம் முதலில் இழப்பது உடம்பை. நாடகத்துக்கும் ரியூசன் வந்துவிட்டது. பெரிய கொட்டகையில், ஒலிபெருக்கியில், அரிஸ்டோட்டில் சொன்ன ஆறு கூறுகளைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். கடந்தகால வினாத்தாள்களுக்கு மாதிரி விடைகள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறையை விளக்கச் சொன்னால் என் வகுப்பில் எல்லோரும் இரண்டு பக்கம் எழுதுவார்கள். எழும்பி வந்து, கடிதம் ஒன்றைப் பிரித்து வாசிக்கும் ஒருத்தியாக நில் என்றால், பாதிப் பேர் நிலத்தைப் பார்க்கிறார்கள். செய்முறைப் பரீட்சை இருக்கிறது; அதற்கும் கடைசிச் சில கிழமைகளில் அவசரமாக ஒரு காட்சியைத் தயாரிக்கிறோம். தமிழ்மொழித்தினப் போட்டிக்கு மட்டும் மேடையைக் காணும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இன்றைய பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. அவர்களை உடம்போடு விட்டால் எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கைபேசியில் தங்கள் ஒத்திகையைப் படம் பிடித்து, அந்த இடத்திலேயே திருத்திக்கொள்கிறார்கள். நாங்கள் எப்படி நின்றோம் என்பதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. சென்ற தவணையில் ஒரு குழு, நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் ஒளிந்து திரியும் தாய் ஒருத்தியைப் பற்றித் தாங்களே எழுத்துரு எழுதி நடித்தது. கிழமைக் காசு வாங்க வருபவர் படலையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் வரமாட்டார். கதவுக்குப் பின்னால் தாயும் மகளும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அதை அவர்களுக்கு எந்த ரியூசனும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாயாக நடித்தவள் மற்றப் பாடங்களில் வாயே திறக்காதவள். அன்று அவளுடைய குரல் கடைசி வாங்குவரை வந்தது.

1931 இல் பிறந்த சண்முகலிங்கம் 2025 சனவரியில் மறைந்தார். அதற்கடுத்து நடந்த வகுப்பில் அவரைப் பற்றிக் கேட்டேன். பிறந்த ஆண்டு, கல்லூரி தொடங்கிய ஆண்டு, நாடகங்களின் பெயர்கள் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். அவர் சிறுவர்களுக்காக எழுதிய கூடி விளையாடு பாப்பாவை யாராவது நடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, கதிரைகளை ஒதுக்கி, அதன் முதற்காட்சியை வாசித்து வாசித்து நடித்தோம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்காமல் எட்டிப் பார்த்தார்; பார்த்தவர் போகாமல் நின்றார்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. நாடகப் பாடத்துக்கு 40 நிமிடப் பாடவேளை போதாது. உடம்பு சூடாகவே அரைவாசி போய்விடும். விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்தில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுப்பதுபோல எங்களுக்கும் கொடுக்க வேண்டும். செய்முறைக்கு வருடம் முழுக்கச் சிறிது சிறிதாகப் புள்ளி சேரும் வழி வேண்டும். அப்போது ரியூசன் கொப்பியால் மட்டும் தப்ப முடியாது. ஊர்களில் இன்னும் இருக்கிற அண்ணாவிமாரை, அவர்களுடைய கால் ஓயமுன், சம்பளம் கொடுத்துப் பாடசாலைக்குள் கொண்டுவர வேண்டும். அவர்களிடம் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி வாசலில் நிறுத்தக் கூடாது. அவர்களைப் பற்றித்தானே வினாத்தாளில் கேட்கிறோம்?

கல்வித் திணைக்களம் இவற்றை எப்போது செய்யுமோ தெரியாது. நான் அதிபரிடம் மண்டபத்து அலுமாரியின் திறப்பைக் கேட்டிருக்கிறேன். விளக்குப் பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இந்தத் தவணை ஒளி விதானிப்பைப் பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் வைத்தே தொடங்குகிறேன். எந்த நிறத்தில் எந்த முகம் எப்படி மாறுகிறது என்பதை அவர்கள் ஒருவரையொருவர் வைத்துப் பார்க்கட்டும். வட்டுக்கோட்டை அண்ணாவியாரின் பேரன் மத்தளம் அடிப்பாராம். வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வெறுங்காலோடு வரவும், கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வரவும் சொல்லியாயிற்று.